சாய்ந்த வரிசை

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு காரியத்தைச் சும்மா செய்துவிட்டுப் போகத் தெரியவில்லை என்பது மேஸ்திரியின் தீர்மானம். குனிந்தால் குனிந்தோம், நிமிர்ந்தால் நிமிர்ந்தோம் என்று இருக்க மாட்டார்கள். குனிவதற்கு ஒரு தத்துவம், நிமிர்வதற்கு ஒரு தத்துவம். மூச்சை இழுத்தால் ஒரு பாடம், விட்டால் இன்னொரு பாடம். செருப்பு கடித்தால்கூட வாழ்க்கை நமக்கு என்ன சொல்ல வருகிறது என்று யோசிக்கிற கூட்டம். செருப்பு கடித்தால் செருப்பை மாற்ற வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இதை அவர் வாய்விட்டுச் சொல்ல முடியாதபடி ஒரு சங்கடம் இருந்தது. அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் அவரும் தினமும் காலையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

அவருக்கு வாழ்நாள் முழுக்கச் சுவர் பூசுகிற வேலை. வீடு, கடை, ஆஸ்பத்திரி என்று அந்த ஊரில் அவர் கை படாத சுவர் குறைவு. வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகு, அதுவரை சொன்னபடி கேட்ட வலது தோள் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. கை நெஞ்சு உயரம் வரை ஒழுங்காக வரும். அதற்கு மேல், உள்ளே யாரோ தாழ்ப்பாள் போட்ட மாதிரி நின்றுவிடும்.

சட்டையை எப்படியோ ஒவ்வொரு கையாக நுழைத்து மாட்டிக்கொள்வார். பனியன்தான் வினை. தலைவழியாகப் போடுகிற சமாச்சாரம், இரண்டு கையும் மேலே போயாக வேண்டும். தினமும் குளித்துவிட்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து “இந்தா” என்று மனைவியைக் கூப்பிடுவார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி மாட்டிவிடுவாள். பனியன் இல்லாமல் சட்டை போட்டுக்கொண்டால் என்ன என்று மகன் ஒருமுறை கேட்டான். அதற்குச் சட்டையே போடாமல் தெருவில் போகலாம் என்று இவர் ஒரே போடாகப் போட்டார்.

இந்தப் பனியன் ஒரு பிரசவத்துக்குக் குறுக்கே வந்து நின்றதுதான் தொல்லை. ரயிலில் ஓர் இரவு தள்ளி இருந்த ஊரில் மகள் மாசமாக இருந்தாள். கல்யாணமாகி ரொம்ப வருஷம் காத்திருந்து வருகிற முதல் பிள்ளை. நீ பக்கத்தில் இருந்தால்தான் எனக்குத் தைரியம் என்று அவள் ஃபோனில் சொல்லும்போதெல்லாம், வராமல் இருப்பேனா என்று அம்மாக்காரி சமாதானம் சொல்வாள். ஃபோனை வைத்ததும் மேஸ்திரியின் தோளைப் பார்ப்பாள்.

அவள் போய் வருகிற வரை இவர் மகன் வீட்டில் இருக்கலாம். மகன் இதே ஊரில்தான் இருந்தான். ஆனால் அது ஒற்றை அறை வீடு. டிவிக்கு எதிரே படுத்து, டிவிக்கு எதிரே எழுந்து, டிவிக்கு எதிரே சாப்பிட வேண்டும். மருமகள் தங்கமான பெண். அதுதான் கஷ்டமே. சாப்பிட்டீர்களா மாமா, மாத்திரை போட்டீர்களா மாமா, காற்று வருகிறதா மாமா என்று மூச்சுக்கு மூச்சு கேட்பாள். கோபித்துக்கொள்ளவும் முடியாது. அவள் கையால் பனியன் மாட்டிக்கொள்வதை நினைத்தாலே மேஸ்திரிக்குக் காது சூடேறியது. மகன் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றார். அப்படியானால் நானும் போகவில்லை என்றாள் மனைவி. இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. மூன்றாம் நாள் அவளே வாயைத் திறந்தாள்.

“நீங்களா பனியனப் போட்டுக்கிட்டு வந்து என் முன்னாடி நில்லுங்க. அன்னைக்கே பெட்டியக் கட்டுறேன். இல்லேன்னா அவ தனியாவே பெத்துக்கட்டும்.”

கடைசி வார்த்தை வரும்போது அவள் குரல் உள்ளே இறங்கியது. அதைக் கேட்ட பிறகுதான் மேஸ்திரி ஆஸ்பத்திரிப் படி ஏற ஒத்துக்கொண்டார்.

அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற டாக்டரம்மா சின்னப் பெண். தோளைத் திருகிப் பார்த்துவிட்டு அவள் சொன்ன வைத்தியத்தைக் கேட்டு மேஸ்திரிக்குச் சிரிப்பதா, எழுந்து போய்விடுவதா என்று புரியவில்லை. சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். விரல்களைச் சுவரில் வைத்து, சிலந்தி ஏறுகிற மாதிரி ஒவ்வொரு விரலாக மேலே நகர்த்த வேண்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்டப் பார்க்க வேண்டும். ஆயுசு முழுக்கச் சுவரோடு மல்லுக்கட்டியவனுக்கு மருந்தும் சுவர்தானா?

செய்து காட்டினார். அவள் பின்னால் நின்று பார்த்தாள்.

“ஐயா, சாயறீங்க. கை ஏறல, உடம்புதான் இடது பக்கமா சாயுது. நேரா நின்னு செய்யுங்க.”

மேஸ்திரி கையை இறக்கிக்கொண்டார். நானா சாய்கிறேன்? எதிர்ச்சாரி வீட்டுச் சுவர் ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தால் இங்கிருந்தே சொல்லுகிற கண் இது. ஏதாவது ஒரு குறை சொன்னால்தானே திரும்பத் திரும்ப வரவழைக்க முடியும், அது அவள் பிழைப்பு என்று மனசுக்குள் கணக்கை முடித்துக்கொண்டார். வீட்டில் தனியாகச் செய்கிறவர்கள் டிமிக்கி கொடுப்பார்கள், பக்கத்தில் நடக்கிற ஏதாவது பயிற்சி வகுப்பிலும் சேர்ந்துகொள்ளுங்கள் என்று அவள் மனைவியைப் பார்த்துச் சொன்னதும் அவருக்குப் பிடிக்கவில்லை. யார் டிமிக்கி கொடுக்கிறவன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

படுக்கையறைச் சுவரில் கோடுகள் ஏற ஆரம்பித்தன. ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை, சில நாள் அதற்கு மேலும். மனைவி துணி மடிக்கிற சாக்கில் வந்து கோட்டைப் பார்த்துவிட்டுப் போவாள். கோடு அவர் தலையைத் தாண்டிய அன்று பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்தாள்.

பனியன் மட்டும் ஏறவில்லை. இடது கை போகும், தலை போகும், வலது கை பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். அதற்கு மேல் பனியனுக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும்.

“இப்பல்லாம் துணியிலயே கை வெக்கிறானுங்க. அக்குள்ல அளவே இல்ல.”

மனைவி ஒரு அளவு பெரிதாக வாங்கி வந்தாள். அதுவும் மூக்கு வரை வந்து நின்றது. அவள் இழுத்துவிட்டுப் போனாள். கை தலைக்கு மேலே போகிறது என்றது கோடு. போகவில்லை என்றது பனியன். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது, அது பனியன்தான் என்பதில் மேஸ்திரிக்கு அப்போது சந்தேகமே இல்லை.

மனைவி விடாப்பிடியாகச் சேர்த்துவிட்ட காலை வகுப்பு சமுதாயக் கூடத்தில் நடந்தது. நடத்துகிறவர் ஏதோ ஆபீஸில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மேஸ்திரி அவருக்கு ‘மைக்’ என்று பேர் வைத்திருந்தார். எதிரே மைக் வைத்த மாதிரியே பேசுவார், ஆனால் மைக் இருக்காது. சம்பளம் வாங்காமல் செய்கிற மனிதர், நல்ல மனிதர், அதையெல்லாம் மேஸ்திரி மறுக்கவில்லை. பயிற்சிக்குப் பயிற்சி ஒரு பாடம் சொல்லாமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது என்பதுதான் விஷயம். கையைத் தூக்கினால், பிடித்து வைத்திருப்பதை விட்டால்தான் கை மேலே போகும் என்பார். ஒற்றைக் காலில் நின்றால், தடுமாறுவதும் நிற்பதில் ஒரு பகுதி என்பார். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். அதை ஃபோனில் குறித்துக்கொள்கிற ஆட்களும் இருந்தார்கள்.

கூடத்தின் நடுவில் ஒரு பருத்த தூண் இருந்தது. முதல் நாளே மேஸ்திரி அதன் மறைவில் இடம் பிடித்துவிட்டார். மைக்கின் குரல் வரும், கண் வராது. வலது கை ஏறாததை யாரும் பார்க்க வேண்டியதில்லை. அவருக்குப் பின்னால் எப்போதும் மூன்று பேர் வந்து நிற்பார்கள். பேக்கரிக்காரம்மா, ஒரு தையல்காரர், வேலையை விட்ட ஒரு பஸ் டிரைவர். மூவரும் தாமதமாக வருகிறவர்கள் என்பதால் நல்ல இடமெல்லாம் போய், தூண் மறைத்த இடம்தான் மிஞ்சும். மேஸ்திரி அவர்களை ஒருநாளும் திரும்பிப் பார்த்தது கிடையாது. அவர் வேலை அவருக்கு. இடது கையை முழுக்கத் தூக்குவார். வலது கையைப் போகிற வரை தூக்கி, காற்றிலேயே சுவர் இருப்பதாக நினைத்துக்கொண்டு விரல்களை ஏற்றுவார். குரல் நிறுத்தினால் நிறுத்துவார்.

ஒருநாள் மைக்குக்குப் புதுப் பாடம் ஒன்று தோன்றியது. ஒரே திசையைப் பார்த்துப் பழகினால் மனசு தேங்கிவிடுமாம். இன்றைக்கு எல்லோரும் அப்படியே பின்பக்கம் திரும்பி நின்று செய்யலாம் என்று சொல்லிவிட்டு, கூடத்தின் அந்தக் கோடிக்கு விறுவிறுவென்று நடந்து போய் நின்றார். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார். இத்தனை நாள் பின்னால் இருந்த மூன்று பேரும் இப்போது அவருக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

கையைத் தூக்குங்கள் என்று குரல் வந்தது. கூடம் முழுக்க இரண்டு கைகளும் மேலே போயின. அந்த மூன்று பேருக்கு மட்டும் இடது கை மேலே போனது, வலது கை நெஞ்சுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. மூன்று வலது கைகளும் காற்றில் விரல்களை ஆட்டின. ஆட்டிக்கொண்டே மூன்று முதுகுகளும், காற்றடித்தால் சாய்கிற பயிர் மாதிரி, ஒரே அளவாக இடது பக்கம் சாய்ந்தன.

மைக் பேச்சை நிறுத்திவிட்டு அவர்கள் முன்னால் வந்து நின்றார். இது என்ன பயிற்சி, யார் சொன்னது என்று கேட்டார். மூவரும் ஒன்றாகத் திரும்பி மேஸ்திரியைக் காட்டினார்கள்.

“எப்பவும் நீங்க தூணுக்கு அந்தப் பக்கம் நிக்கிறீங்க, சார். எங்களுக்கு இவர்தான தெரியறாரு,” என்றாள் பேக்கரிக்காரம்மா. “இவர் செய்யறதப் பாத்தே பழகிட்டோம்.”

கூடம் கொல்லென்று சிரித்தது. என்னைப் பார்த்துச் செய்யச் சொல்லி யார் சொன்னது, எனக்குத் தோள் ரிப்பேர், உங்களுக்கு என்ன கேடு என்று மேஸ்திரி ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தார். தினமும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன், விரலாட்டுவது ஊசி பிடிக்கிற கைக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்றார் தையல்காரர். மேஸ்திரி அவரை விட்டுவிட்டுப் பேக்கரிக்காரம்மாவிடம் திரும்பினார். இப்போது குரலில் சூடு இல்லை.

“அது சரிம்மா. கை அரைகுறையா ஏறுது, விரல் ஆடுது, அதெல்லாம் நான் செய்யறதுதான். ஏன் சாயறீங்க?”

“நீங்க சாயறீங்களே.”

“நானா?”

“நல்லா சாயறீங்க, ஐயா. இடுப்புக்கும் சேத்து ஒரு பயிற்சின்னுல்ல நெனச்சோம்.”

நமக்குப் பின்னால் யார் நம்மைப் பார்த்து நடக்கிறார்கள் என்று நமக்கே தெரியாது, நண்பர்களே, என்று மைக் அதற்குள் ஆரம்பித்துவிட்டார். மேஸ்திரி காதில் அது விழவில்லை. அந்த மூன்று முதுகுகளின் சாய்வுதான் கண்ணிலேயே நின்றது. ஒரு நூல், இரண்டு நூல் என்றால்கூடப் பரவாயில்லை. அந்தச் சாய்வில் ஒரு சுவர் இருந்தால் இடித்துவிட்டு மறுபடி எழுப்பச் சொல்வார்.

வீட்டுக்கு வந்து, மூட்டை கட்டிப் போட்டிருந்த வேலைச் சாமான்களைக் கிளறி, சுவர் நேராக இருக்கிறதா என்று நூலில் தொங்கவிட்டுப் பார்க்கிற தூக்குக்குண்டை எடுத்தார். படுக்கையறைச் சுவரில் உயரே ஆணியடிக்க மனைவியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. நூல் குண்டோடு இறங்கி ஆடி நின்றது. நூல் மூக்குக்கு நேரே இருக்கும்படி நின்று விரல்களைச் சுவரில் ஏற்றினார். வழக்கமான பாதி வழியிலேயே நூல் மூக்கை விட்டு விலகி வலது காதுப் பக்கம் போய் நின்றது. நூல் நகரவில்லை. தலைதான் இடது பக்கம் போயிருந்தது.

மறுபடி நேராக நின்று செய்தார். விரல் எட்டிய இடத்தில் கோடு போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பழைய கோடுகள் எங்கேயோ உயரத்தில் இருந்தன. புதுக்கோடு அவர் தாடைக்கு நேரே இருந்தது.

சாயங்காலம் துணி மடிக்க வந்த மனைவி அதைப் பார்த்தாள்.

“நேத்து அங்க இருந்துது, இன்னைக்கு இங்க இருக்கு. கை ஏறுதா, எறங்குதா?”

மேஸ்திரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “நேத்து வரைக்கும் ஏறினது கை இல்ல. இடுப்பு.”

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். தூசி தட்டி வைத்த பெட்டியைப் பார்த்தாள். மகளின் பிரசவத்துக்கு இன்னும் அதிக நாள் இல்லை. அழப்போகிறாள் என்று அவர் பயந்தார். அவளுக்கோ, இத்தனை நாள் இடுப்புக்கு வைத்தியம் நடந்ததை நினைத்து அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் இடது பக்கம் வந்து நின்று, உள்ளங்கையை அவர் இடுப்பில் முட்டுக் கொடுத்தாள்.

“இப்ப செய்யுங்க. சாயறீங்களான்னு பாக்கறேன்.”

“இந்த வயசுல இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா பாரு.”

“யாரும் பாக்கல. செய்யுங்க.”

அன்றிலிருந்து அதுதான் வழக்கமாயிற்று. காலையில் அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால் ஒருமுறை, சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு ஒருமுறை. மேஸ்திரி நூலைப் பார்த்துக்கொண்டு விரலை ஏற்றுவார். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மகள் ஃபோனில் சொன்னதையெல்லாம் ஒப்பிப்பாள். குழந்தை உதைக்கிறதாம், ராத்திரி தூக்கமே இல்லையாம், எது சாப்பிட்டாலும் நெஞ்சைக் கரிக்கிறதாம். நேராக நின்று செய்தால் வலி உயிர் போயிற்று. சாய்ந்து செய்தபோது வலிக்கவே இல்லை. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, இப்போது சரியாகச் செய்கிறீர்கள் என்றாள். மேஸ்திரி ம் என்றார். அந்த ‘ம்’முக்கு மேல் அவரிடம் யாரும் எதிர்பார்க்க முடியாது.

கோடு நகர்ந்தது, ஆனால் எறும்பு வேகம்கூட இல்லை. மகளோ வாய்விட்டு எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஃபோனில் அப்பா தோள் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பாள். அது மேஸ்திரிக்கு வலியைவிடக் கொடுமையாக இருந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல், நீ கிளம்பு, நான் பனியன் இல்லாமலே இருந்துகொள்கிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்ததே பெரிய விஷயம் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

“பேசாம ஏத்துங்க. விரல் நிக்குது பாருங்க.”

ஒரு காலையில் அவர் குளித்துவிட்டு வந்து ‘இந்தா’ என்று கூப்பிடவில்லை. அடுப்படியில் இருந்தவளுக்கு அதுவே வித்தியாசமாகப் பட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அறை வாசலுக்கு வந்தாள். மேஸ்திரி முகம் தெரியாமல் பனியனுக்குள் நின்றுகொண்டிருந்தார். வலது கை துணிக்குள் வழி தேடிக்கொண்டிருந்தது. அவள் காலடி கேட்டுவிட்டது.

“வராத. அங்கயே நில்லு.”

நின்றாள். பனியன் வயிற்றை உப்பியது, பக்கவாட்டில் முட்டியது, ஒருமுறை மொத்தமாகச் சுழன்றது. உள்ளே யாரையோ திட்டுவது கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமே அசையவில்லை. அவள் கை தானாக முன்னால் வந்தது, இழுத்துக்கொண்டாள். பிறகு வலது பக்கத்து ஓட்டையில் நான்கு விரல்கள் தெரிந்தன. அவை அப்படியே மேலே மேலே ஏறி, மணிக்கட்டு வந்து, முழங்கை வந்து, கடைசியாகச் சிவந்த மூஞ்சியோடு மேஸ்திரி வெளியே வந்தார். உடம்பு கொஞ்சமும் சாயவில்லை.

அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

“முன்பக்கம் பின்னாடி இருக்கு.”

“அது கணக்குல வராது.”

“வராதுதான்,” என்று சொல்லிவிட்டு அவள் பெட்டியைத் திறந்து கட்டிலில் வைத்தாள்.

மகன் அம்மாவை ரயிலேற்றிவிட்டு வந்தான். வந்து இரண்டு நாளாவது எங்கள் வீட்டில் இருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தான். மருமகள் சாப்பாடு கொடுத்தனுப்பினாள். மேஸ்திரி சாப்பாட்டை வாங்கிக்கொண்டு மகனைத் திருப்பி அனுப்பினார். மனைவி போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் பேத்தி பிறந்தாள். ஃபோனில் ஒரு குரல் வீறிட்டு அழுதது. இந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை என்றார் மேஸ்திரி. மகள் சிரிப்பது தூரத்தில் கேட்டது. அவள் அம்மா கூடவே சிரிப்பதும் கேட்டது. பேசி முடித்த பிறகும் வெகுநேரம் அவர் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் காலை வகுப்பில் மேஸ்திரி தூணை விட்டு வெளியே வந்து நின்றார். பின்னால் இருக்கிற மூன்று பேரும் என்னைப் பார்த்து மறுபடி எதையாவது கற்றுக்கொண்டு தொலைக்கப் போகிறார்கள் என்பதுதான் காரணம் என்று அவர் சொல்லிக்கொண்டார். வலது கை காது வரை ஏறியது. முழுசாக இல்லை, ஆனால் நேராக. மைக் அதைப் பார்த்துவிட்டார். பேத்தி பிறந்த சேதியும் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. எல்லோரையும் நிறுத்திவிட்டு மேஸ்திரியை முன்னால் கூப்பிட்டார்.

“மேஸ்திரி, ரெண்டு வார்த்தை சொல்லுங்க. இந்தப் பயிற்சி உங்களுக்கு என்ன கத்துக்குடுத்துச்சு?”

“பனியன் போடக் கத்துக்குடுத்துச்சு.”

கூடம் சிரித்தது. மைக்கும் சிரித்தார், ஆனால் விடவில்லை. அதற்குள் ஒரு பாடம் இருக்க வேண்டுமே என்றார்.

“ஒண்ணும் இல்ல, சார். தோள் பூட்டிக்கிச்சு. செஞ்சேன். தெறந்துடுச்சு.”

“நேரா நிக்கணும்ங்கறது ஒரு பாடம் இல்லையா?” என்றாள் பேக்கரிக்காரம்மா.

மேஸ்திரி ஒரு கணம் யோசித்தார். அவள் சொன்னதில் ஏதோ இருக்கிற மாதிரிதான் பட்டது. அப்படிப் பட்டதே அவருக்குப் பிடிக்கவில்லை.

“அது கைக்குச் சொன்னது. வாழ்க்கைக்குன்னு எவன் சொன்னான்?”

மைக் முகம் மலர்ந்துவிட்டது. நண்பர்களே, கவனித்தீர்களா, பாடம் வேண்டாம் என்று சொல்வதிலேயே எவ்வளவு பெரிய பாடம் இருக்கிறது என்று கூட்டத்தைப் பார்த்துத் தொடங்கினார். நாலைந்து பேர் ஃபோனை எடுத்தார்கள். இந்த ஆட்களைத் திருத்த முடியாது. மேஸ்திரி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

தெருமுனை வரைக்கும் அந்தக் குரல் அவரைத் துரத்திக்கொண்டே வந்தது. எதற்குத்தான் இப்படி மண்டையை உடைத்துக்கொள்கிறார்களோ. வீட்டில் பால் தீர்ந்துபோயிருந்தது, கடையில் காலைப் பால் காலியாவதற்குள் வாங்கியாக வேண்டும். மேஸ்திரி திரும்பிப் பார்க்காமல் நடையைக் கூட்டினார்.